பிள்ளைகள் மைதானத்துக்கு ஏன் வருகிறார்கள், ஏன் வராமல் போகிறார்கள்: டர்பன் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பிள்ளைகளைக் கிரிக்கெட், சாக்கர், நெட்பால், நீச்சல் என்று ஏதாவது ஒன்றில் சேர்த்திருக்கிற, சேர்க்கலாமா என்று யோசிக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம். சாட்ஸ்வொர்த்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

பிள்ளைகள் உண்மையில் எதற்காக விளையாட வருகிறார்கள்?

ஜாலியாக இருப்பதால் வருகிறார்கள். எந்த நாட்டில் கேட்டாலும் பிள்ளைகள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் ஜாலி என்றால் என்ன? பெரியவர்கள் அதைக் கூத்தும் சிரிப்பும் என்று எடுத்துக்கொண்டு, பயிற்சி என்றால் வேறு ஏதோ கடுமையான சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா விசெக் குழுவினர் சாக்கர் ஆடும் பிள்ளைகளிடமும் அவர்களுடைய கோச்சுகளிடமும் பெற்றோரிடமும் இதைக் கேட்டார்கள். 81 காரணங்கள் வந்தன. மேலே நின்றவை: முழு மூச்சாக முயன்று ஆடுவது, டீமில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது, கோச் நல்லபடி நடத்துவது. ஜெயிப்பது 48ஆவது இடத்தில் இருந்தது. பதக்கமும் கோப்பையும் அதற்கும் கீழே. டீம் போட்டோவுக்கு நாம் அவ்வளவு மெனக்கெடுகிறோம், அது கடைசியில் கிடக்கிறது.

ஆக, பிள்ளைக்கு ஜாலி என்பது வியர்க்க வியர்க்க ஓடுவதும்தான். பயிற்சியைக் கடுமையாக வைத்தால் ஓடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். சும்மா நிற்க வைத்தால்தான் ஓடிவிடுவார்கள்.

அதற்குப் பின்னால் ஏதாவது விளக்கம் உண்டா?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களிலிருந்து சொல்லிவருகிற ஒரு கோட்பாடு எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. ஒருவர் தானாக விரும்பி ஒரு காரியத்தில் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள். இது என்னால் முடிகிறது என்ற உணர்வு. இங்கே நான் வேண்டப்பட்டவன் என்ற உணர்வு. இதை நானேதான் தேர்ந்தேன் என்ற உணர்வு.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனை வைத்துப் பாருங்கள். பெரியவர்களின் விதிப்படி மேட்ச் வைத்தால், ஒன்பதாவதாக இறங்க வேண்டியவன் மட்டையைத் தொடாமலே வீட்டுக்குப் போவான். பந்து போடவும் விடமாட்டார்கள். காலை முழுக்க எல்லைக்கோட்டருகே புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பான். “என்னால் முடிகிறது” என்பதை எங்கே உணர்வான்? இதற்காகத்தான் நம் நாட்டில் மினி கிரிக்கெட் வந்தது. மென்மையான பந்து, ஜோடி ஜோடியாக இறங்குவது, அவுட் ஆனாலும் ஜோடிக்குரிய ஓவர் முடியும்வரை ஆட்டம் நிற்காது, எல்லோருக்கும் பந்துபோடும் முறை உண்டு. பேக்கர்ஸ் மினி கிரிக்கெட் என்ற பெயரில் 1980களில் தொடங்கியது, பிறகு கேஎஃப்சி பெயருக்கு மாறியது. இன்று பெற்றோராக இருக்கிற பலர் அதில் ஆடி வளர்ந்தவர்கள்தான்.

பயிற்சியைப் பார்க்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எத்தனை முறை பந்தைத் தொடுகிறான்? வரிசையில் நிற்கிற நேரம் எவ்வளவு? கோச்சின் சான்றிதழ்களைவிட இந்தக் கணக்கு அதிகம் சொல்லும்.

ஜெயிக்கும் ஆசையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. ஸ்கோர் எழுதவில்லை என்றாலும் பிள்ளைகள் மனதில் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். தோற்றால் அழுவார்கள். அப்புறம் பத்து நிமிடத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தத் தோல்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நாம்தான்.

நார்வே நாட்டில் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்றே தனி விதிகளை 1987இல் ஏற்றுக்கொண்டார்கள். 11 வயதுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல் போடமாட்டார்கள், சின்ன வயதில் நாடு தழுவிய சாம்பியன் போட்டியும் கிடையாது. போட்டி உணர்வு செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சின்ன நாடு 16 தங்கம் வாங்கிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விதிகளால் மட்டுமே தங்கம் வந்தது என்று நான் சொல்லவில்லை. தங்கத்துக்கு அவை குறுக்கே நிற்கவில்லை.

கோலுக்கு இருபது ராண்ட், ஐம்பது ரன்னுக்கு நூறு ராண்ட் என்று கொடுக்கலாமா?

வேண்டாம். எங்கள் சமூகத்தில் இது சர்வ சாதாரணம், மாமாக்களும் சித்தப்பாக்களும் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருகிறோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். இன்னும் சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, சும்மா இருக்கும் நேரத்தில் யார் தானாகப் போய் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

மைதானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோலுக்குக் காசு என்றால் அவன் எதற்குப் பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளுவான்? ஆட்டம் முடிந்து திடீரென்று எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை.

நன்றாகத்தான் ஆடுகிறான், ஆனால் திடீரென்று போகமாட்டேன் என்கிறான். சோம்பலா?

சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். “ஏன் போகமாட்டேங்கிற?” என்று நேராகக் கேட்டால் “சும்மா” என்றுதான் பதில் வரும். “போன வாரம் பயிற்சியில் யாரோடு நின்றாய்? யார் உன்னை டீமுக்கு எடுத்தார்கள்?” என்று சுற்றி வளைத்துக் கேளுங்கள், விஷயம் வெளியே வரும்.

நான் பார்த்தவரை திறமைக் குறைவால் நிற்கிறவர்கள் குறைவு. கூட வந்த நண்பன் வேறு கிளப்புக்கு மாறியிருப்பான். வயதுப் பிரிவு மாறி, தெரியாத பையன்கள் நடுவே தனியாக மாட்டியிருப்பான். ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருப்பான். பெயரை வைத்துக் கேலி செய்திருப்பார்கள். நம் பிள்ளைகளின் நீளமான பெயர்களை மற்றவர்கள் கடித்துத் துப்புவது புதிதல்ல. கோச்சே பெயரைச் சரியாகக் கூப்பிடக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும், அதை நீங்கள் கேட்டு வாங்கலாம், கூச்சமே வேண்டாம். வலி இருந்தும் சொல்லாமல் இருக்கலாம், முக்கியமாகக் குதிகாலிலும் முழங்காலிலும். வளரும் வயதில் இது அடிக்கடி வரும், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நண்பன் இல்லை என்பதுதான் காரணம் என்றால் வழி எளிது. பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவனோடு லிஃப்ட் கிளப் ஏற்பாடு செய்யுங்கள். ஒரே காரில் வந்து போகிற இரண்டு பிள்ளைகள் லேசில் விடமாட்டார்கள்.

கோச் கத்துகிறார். கண்டிப்பு நல்லதுதானே?

கண்டிப்பு வேறு, கத்துவது வேறு. “எல்லோரும் நேரத்துக்கு வரவேண்டும், உபகரணங்களைச் சேர்ந்து எடுத்துவைக்க வேண்டும்” என்பது கண்டிப்பு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்கூட. கேட்ச் விட்ட பிள்ளையைப் பார்த்துக் கத்தினால் அடுத்த கேட்ச் வரும்போது அவன் பந்தைப் பார்க்கமாட்டான், கோச்சைப் பார்ப்பான்.

அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். முயற்சியைப் பாராட்டு, தவறு செய்தால் தைரியம் சொல்லிவிட்டு எப்படித் திருத்துவது என்று காட்டு, தண்டிக்காதே. அவ்வளவுதான். 1992இல் வெளிவந்த முடிவு: பயிற்சி பெற்ற கோச்சுகளிடம் ஆடியவர்களில் அடுத்த சீசனில் நின்றுபோனவர்கள் 5 சதவீதம். பயிற்சி பெறாதவர்களிடம் 26 சதவீதம். யாருடைய டீம் அதிகம் ஜெயித்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கோச்சிடம் பேசுவதென்றால் மேட்ச் நடக்கும்போது வேண்டாம். பெரும்பாலும் அவர்களும் வேலை முடிந்து சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். வார நாளில் ஒரு போன் போட்டு மரியாதையாகச் சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை என்றால் கிளப்பை மாற்றுங்கள்.

மேட்ச் முடிந்து காரில் வரும்போது என்ன பேசுவது?

முடிந்தவரை குறைவாக. பின்சீட்டில் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் “அந்தப் பந்தை ஏன் அப்படி அடித்தாய்?” என்று ஆரம்பிக்காதீர்கள். எப்படி அவுட் ஆனோம் என்பது அவனுக்குத் தெரியும். பசிக்கிறதா என்று கேளுங்கள். அவனாகப் பேச ஆரம்பித்தால் காது கொடுங்கள்.

பாராட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டிவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், “நீ கெட்டிக்காரன்” என்று கேட்டவர்கள் அடுத்துக் கடினமான புதிர்கள் வந்தபோது சீக்கிரம் துவண்டார்கள். “நன்றாக முயன்றாய்” என்று கேட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். “நீ பிறவி ஆட்டக்காரன்டா” என்று தாத்தா சொல்வது இனிக்கத்தான் செய்யும், ஆனால் அடுத்த வாரம் டக் அடித்தால் அந்தப் பிறவிக்கு என்ன ஆனது என்று பிள்ளை குழம்புவான்.

என் மகன் டிசம்பரில் பிறந்தவன். டீமிலேயே சின்ன உடம்பு. எப்போதும் தேர்வில் விழுகிறான்.

இங்கே வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்பார்கள், இடையே கிட்டத்தட்ட ஒரு வருடம். பத்து வயதில் ஒரு வருடம் என்பது பெரிய வித்தியாசம். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980களில் எடுத்துப் பார்த்தபோது, வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம் இருந்தார்கள். மற்ற விளையாட்டுகளிலும் அதையே பார்த்திருக்கிறார்கள். முதலில் வளர்ந்தவனை எடுக்கிறார்கள், எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, அவன் மேலும் முன்னேறுகிறான்.

இதைப் பிள்ளையிடமே சொல்லுங்கள். “உனக்குத் திறமை இல்லை என்றில்லை, உன்னைவிடப் பத்து மாதம் மூத்தவனோடு நிற்கிறாய்” என்பது பத்து வயதுக்கு நன்றாகப் புரியும். ஏ டீமில் தண்ணீர் பாட்டில் தூக்குவதைவிட பி டீமில் முழு ஆட்டம் ஆடுவது அவனுக்கு நல்லது. பெற்றோரின் கௌரவம்தான் இதற்கு ஒத்துக்கொள்ளாது.

மகளுக்குப் பதின்மூன்று வயது. நெட்பாலில் உயிராக இருந்தாள், இப்போது சாக்குச் சொல்கிறாள்.

இந்த வயதில் பெண் பிள்ளைகள் நின்றுபோவது உலகம் முழுக்க நடக்கிறது. காரணத்தை அவளிடமிருந்து அம்மாவோ சித்தியோ அக்காவோ கேட்டால் எளிதாக வரும். பல சமயம் உடைதான் காரணம். குட்டையான பாவாடை, வெள்ளை ஷார்ட்ஸ், மாதவிடாய் நாட்கள், பார்க்கிற கண்கள். கறுப்பு ஷார்ட்ஸ் போடலாமா, உள்ளே டைட்ஸ் போடலாமா என்று கிளப்பிடம் கேளுங்கள். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். புது டெக்கீஸுக்கு (விளையாட்டுக் காலணிக்கு) செலவழிக்கிற வீடு இதற்கு யோசிக்கக் கூடாது. கழிப்பறை எங்கே இருக்கிறது, பூட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று நம் வீட்டுப் பக்கம். அண்ணன் மேட்சுக்குக் குடும்பமே நாற்காலி தூக்கிக்கொண்டு போகும், தங்கை மேட்சுக்கு யாராவது இறக்கிவிட்டு வருவார்கள். வீட்டில் விருந்தாளி வந்தால் பயிற்சியை விடச் சொல்வது அவளைத்தான். பிள்ளைகள் இதையெல்லாம் கணக்கு வைப்பார்கள். 2023இல் நெட்பால் உலகக் கோப்பை கேப் டவுனில் நடந்தது, ஆப்பிரிக்க மண்ணில் அதுதான் முதல் முறை. அப்போது டிவி முன்னால் எத்தனை அப்பாக்கள் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் நமக்கே பதில் தெரியும்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பும் இருக்கிறது, மேட்சும் இருக்கிறது. எதை விடுவது?

முடிந்தால் எதையும் விடாதீர்கள். சீசன் அட்டவணை வந்த உடனே தமிழ் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால், எந்தெந்த வாரம் வரமாட்டான் என்பது அவருக்கும் தெரியும். ஒன்றைத் தண்டனையாகவும் மற்றதைப் பரிசாகவும் ஆக்காதீர்கள். “தமிழ் படிக்கவில்லை என்றால் கிரிக்கெட் கிடையாது” என்று சொன்னால் தமிழ்மேல்தான் வெறுப்பு வரும்.

புரட்டாசியில் என்ன செய்வது? மேட்ச் முடிந்து போர்வோர்ஸ் ரோல் (இறைச்சி சாஸேஜ் வைத்த ரொட்டி) சுடுகிறார்கள்.

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எல்லோரும் சாப்பிடும்போது ஒருவன் மட்டும் ஓரமாக நிற்பது பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் முன்னே சொன்ன ‘வேண்டப்பட்டவன்’ உணர்வு உடைகிற இடம் இது. டீம் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைக்கு மட்டும் டப்பா கட்டிக் கொடுக்காமல் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி ஊற்றியது), சீஸ் சட்னி சாண்ட்விச் என்று எல்லோருக்கும் சேர்த்து எடுத்துப்போங்கள். முதலில் காலியாவது பெரும்பாலும் அதுதான்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற பெரிய பிள்ளைகள் விஷயம் வேறு. ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் வெயிலும் புழுக்கமும் தெரிந்ததுதானே. அந்த நாட்களில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். கோச்சிடம் சொன்னால் புரிந்துகொள்வார்.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாமலே விளையாடினோம்” என்கிறார் தாத்தா. பேரன் காதில் விழமாட்டேன் என்கிறது.

தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. டர்பன் நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்குச் சாக்கர் கிளப்தான் பெருமை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் அவர்களை அங்கிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது, கூடவே கிளப்புகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஒரு பெரிய மேட்ச் என்றால் ஊரே கூடும். 1963இல் டர்பனின் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பாப்வா சேவ்கோலம் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை ஜெயித்தார். வெள்ளையர்கள் உள்ளே இருக்க, அவர் கோப்பையை வெளியே மழையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. 1973இல் இனவெறி ஆட்சியை எதிர்த்த சாகோஸ் என்ற விளையாட்டு அமைப்பு உருவாகி, இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று சொன்னபோது, நாட்டுக்காக ஆடும் வாய்ப்பையே பலர் விட்டுக்கொடுத்தார்கள்.

அவர்கள் விளையாடியதற்கும் நான் முன்னே சொன்ன அதே மூன்று காரணங்கள்தான், அதிலும் வேண்டப்பட்டவன் என்பதுதான் பெரிது. வெளியே எங்கும் கிடைக்காத மரியாதை கிளப்பில் கிடைத்தது. பேரனிடம் இதைக் கதையாகச் சொல்லுங்கள், ரசித்துக் கேட்பான். “நாங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டோம், நீ ஏன் பயிற்சிக்குப் போகவில்லை” என்று கடனாக மாற்றினால் கேட்கமாட்டான்.

செனுரன் முத்துசாமி மாதிரி வரவேண்டும் என்று ஆசை. இப்போதே கிரிக்கெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளட்டுமா?

டர்பன் பிள்ளை, நம் பெயர், தென்னாப்பிரிக்க டெஸ்ட் டீமின் பச்சைத் தொப்பி. ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அவருடைய பாதையையும் பாருங்கள். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், முதல் விக்கெட் விராட் கோலி. அதற்குப் பிறகு பல வருடம் டீமுக்கு வெளியே. 2025 நவம்பரில் கௌஹாத்தியில் 109 ரன் அடித்தார். இடையில் இருந்த வருடங்களைக் கடக்க வைப்பது, ஆட்டம் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? எட்டு வயதில் அதைத் தேய்த்துவிட்டால் பதினெட்டில் எதை வைத்து ஓடுவது?

பன்னிரண்டு வயதுவரை பல விளையாட்டுகளைத் தொட்டுப் பார்க்கட்டும். கோடையில் கிரிக்கெட், நீச்சல், குளிர்காலத்தில் சாக்கர் அல்லது ஹாக்கி என்று நம் பள்ளிகளின் அட்டவணையே அதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஒன்றையே பிடித்துக்கொள்வதைப் பதினைந்து வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள் பல குழந்தை மருத்துவர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் முறையான பயிற்சி என்பதற்கு ஒரு எளிய அளவுகோல்: பிள்ளையின் வயதைவிட அதிகமாக வேண்டாம்.

செலவு தாங்கவில்லை.

சாக்கருக்கும் ஓட்டத்துக்கும் செலவு குறைவு. மட்டை, கால்காப்பு எல்லாம் கிளப்பில் பொதுவாக இருக்கிறதா என்று கேளுங்கள், பெரிய பிள்ளைகள் போட்டுச் சின்னதான பூட்ஸ் கைமாறுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எவ்வளவு செலவாகிறது என்று பிள்ளையிடம் சொல்லிக்காட்டாதீர்கள். விலை உயர்ந்த மட்டை வாங்கிக் கொடுத்த வாரம்தான் பல பையன்கள் ரன் அடிக்காமல் தவிப்பார்கள்.

கிளப்பில் சேர்க்கும் முன் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் பாதுகாப்பு. பிள்ளைகளோடு வேலை செய்ய ஒருவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பானால், அவர் பெயர் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் இருக்கும். 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் இதற்கு இடமுண்டு. கோச்சுகளின் பெயர்களை அந்தப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். நல்ல கிளப் கோபப்படாது. பிள்ளையோடு தனியாகக் காரில் போவது, தனியாக மெசேஜ் அனுப்புவது பற்றி விதி உண்டா என்றும் கேளுங்கள். அப்புறம், எல்லோருக்கும் ஆட வாய்ப்பு உண்டா, முதலுதவி தெரிந்தவர் மைதானத்தில் இருப்பாரா, மின்னல் அடித்தால் என்ன செய்வார்கள். கோடை மாலையில் இடி மின்னல் இங்கே புதிதல்ல.

எல்லாம் செய்தும் விட்டுவிடுகிறேன் என்கிறாள். விடலாமா?

சீசன் நடுவில் என்றால், டீமுக்குக் கொடுத்த வாக்கு என்பதால் சீசன் முடியட்டும் என்று சொல்லலாம். கொடுமைப்படுத்துவது, காயம், பயம் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், அன்றே நிறுத்துங்கள். சீசன் முடிந்தும் அதே மனநிலை என்றால் விடட்டும். 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கிளப்பில்தான் என்று எங்கும் சொல்லவில்லை. பரதநாட்டியம் ஆடலாம், தெருவில் சைக்கிள் ஓட்டலாம், நார்த் பீச்சில் அப்பாவோடு ஓடலாம். எதில் சேரலாம் என்பதை இந்த முறை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் சந்தா கட்டி மறுபடி பதிவு செய்தால் போதும், எந்தக் கிளப்பும் ஏன் போனாய் என்று கேட்காது.